இணையத்தில் கற்பித்தல் வளம் தேட மருத்துவ ஆசிரியர்களைப் பழக்குவது எப்படி?

மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் ஆசிரியர் பயிற்சிப் பட்டறைகளில் இணையவழிக் கற்பித்தல் வளங்களுக்கென்று ஓர் அமர்வு ஒதுக்கப்படுவதுண்டு. பயிற்றுநர் பல இணையதளங்களின் பெயர்களை ஸ்லைடில் காட்டுவார். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் திறந்து மூடுவார். மாலையில் அந்தப் பட்டியல் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும். மறுவாரம் வகுப்புக்குத் தயாராகும் ஆசிரியர் பழையபடியே கூகுளில் தலைப்பைத் தட்டி, முதலில் வரும் பிபிடியை இறக்கிக்கொள்வார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கே தேடலாம் என்பதைத்தான் பட்டியல் சொல்கிறது. எதைத் தேடுகிறோம், எந்தச் சொற்களால் தேட வேண்டும், கிடைத்தது நம் மாணவர்களுக்குப் பொருந்துமா, அதை எடுத்தாள நமக்கு உரிமை உண்டா என்பவற்றையெல்லாம் அவரவர் கையால் செய்து பார்த்துத்தான் பழக வேண்டும்.

கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவில் இருந்துகொண்டு சக ஆசிரியர்களுக்கு இத்தகைய அமர்வை நடத்தப் போகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. பொதுவாகப் பேசுவதைவிட ஒரே பாடத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை பிடித்துக்கொண்டு செல்வது பயன் தரும் என்பதால், பாம்புக்கடி வகுப்பை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தமிழ்நாட்டில் ஹவுஸ் சர்ஜனாகவோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராகவோ பணிபுரியும் எவரும் இதை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். இணையத்தில் கிடைக்கும் நல்ல வளம்கூட நம் ஊருக்குத் தவறானதாகிவிடக்கூடும் என்பதை இந்தப் பாடத்தைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அமர்வுக்கு முன்

பங்கேற்கும் ஒவ்வோர் ஆசிரியரிடமும், அடுத்த இரண்டு வாரங்களுக்குள் அவர் எடுக்கவிருக்கும் ஒரு வகுப்பின் தலைப்பையும் அதற்குரிய திறன் இலக்கையும் எழுதிக்கொண்டு வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அமர்வின் வெற்றிக்கு இதைவிட முக்கியமான ஏற்பாடு இல்லை. பயிற்றுநர் கொடுக்கும் செயற்கையான தலைப்பில் தேடிப் பார்ப்பவர் கருவியைத் தெரிந்துகொள்வாரே தவிர, அதைத் தொடர்ந்து பயன்படுத்த மாட்டார். தன் வகுப்புக்காகவே தேடுபவர், கையில் ஒரு வளத்தோடு அறையை விட்டுப் போவார்.

இருபது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம். இரண்டு பேருக்கு ஒரு கணினி இருந்தால் போதும். சொல்லப்போனால் அதுவே நல்லது, ஏனெனில் ஒருவர் தட்டும்போது மற்றவர் ஏன் அந்தச் சொல் என்று கேட்பார். கல்லூரி நூலகரையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். இத்தகைய அமர்வுகளுக்கு நூலகர்களை அழைக்க நாம் மறந்துவிடுகிறோம். ஆனால் தேடல் சொற்களைக் கட்டமைப்பதில் நம்மைவிடப் பயிற்சி பெற்றவர்கள் அவர்களே. கல்லூரிக்கு எந்தெந்தச் சந்தாக்கள் உள்ளன என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். அரசுக் கல்லூரி என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் வழியே எந்த ஆய்விதழ்களைத் திறக்க முடிகிறது என்பதை அவரோடு சேர்ந்து முன்னரே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கிலிருந்து தொடங்குதல்

முதல் அரைமணி நேரம் எவரும் கணினியைத் தொட வேண்டியதில்லை. கொண்டுவந்த தலைப்பைத் தேடக்கூடிய கேள்வியாக மாற்றும் வேலையை முதலில் காகிதத்திலேயே செய்யச் சொல்லுங்கள்.

தேசிய அளவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் இதற்குப் பெரிதும் உதவுகிறது. 2018-இல் வெளியான திறன் தொகுதிகளில், பொது மருத்துவத்தின் 20-ஆம் தலைப்பாகக் கடிகளால் ஏற்படும் நஞ்சேற்றம் இடம்பெற்றுள்ளது. அதன் முதல் திறன், உள்ளூரில் காணப்படும் நச்சுப் பாம்புகளைப் பட்டியலிட்டு அவற்றின் அடையாளங்களை விளக்குவது. இரண்டாவது, கடிபட்டவருக்குக் களத்திலேயே செய்ய வேண்டிய முதற்கட்டப் பராமரிப்பை ஒரு தன்னார்வலர்மீதோ பொம்மை மாதிரியின்மீதோ செய்துகாட்டி, பிறருக்கும் கற்பிப்பது. இரண்டும் ஒரே தலைப்புக்குள் அடுத்தடுத்து நின்றாலும், முதலாவதற்கு நமக்கு வேண்டியவை நம்பகமான உள்ளூர்ப் படங்கள். இரண்டாவதற்கு வேண்டியவை செய்முறைக் காணொளியும் சரிபார்ப்புப் பட்டியலும். 'பாம்புக்கடி' என்று மட்டும் தேடுபவருக்கு இந்த வேறுபாடு எட்டுவதில்லை. அவருக்கு வந்து சேருவது அறுபது ஸ்லைடுகள் கொண்ட யாரோ ஒருவருடைய விரிவுரை. அறிவுக்கானதா, திறனுக்கானதா, மனப்பாங்குக்கானதா என்று இலக்கைப் பிரித்துக்கொண்ட பிறகு, படமா, நோயாளி வரலாறா, காணொளியா, வினாத்தாளா, சிமுலேஷன் (உண்மைச் சூழலைப் போல நடித்துப் பழகும் பயிற்சி) கதையமைப்பா என்று வளத்தின் வடிவத்தை எழுதச் சொல்லுங்கள். கற்பிக்க இருக்கும் நேரத்தையும் மாணவர் எண்ணிக்கையையும் அதன் கீழே குறிக்கட்டும். ஆறு பேர் கொண்ட குழுவுக்காக உருவாக்கிய ஒன்றை 150 பேர் அமர்ந்திருக்கும் விரிவுரைக் கூடத்தில் அப்படியே பயன்படுத்த முடியாது.

சொற்களைக் கட்டுதல்

இப்போது கணினியைத் திறக்கலாம். கூகுளுக்கு முன், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் இலவசத் தளமான பப்மெடிலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். அது ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டுமானது என்ற எண்ணம் ஆசிரியர்களிடையே உண்டு. ஆனால் மருத்துவக் கல்வி இதழ்களும் அங்கே அட்டவணைப்படுத்தப்பட்டுள்ளன. தேடல் எப்படி இயங்குகிறது என்பதையும் வேறெங்கும் இவ்வளவு வெளிப்படையாகப் பார்க்க முடியாது.

திரையில் ஒரு தேடலைச் செய்துகாட்டுங்கள். பாம்புக்கடி நஞ்சேற்றத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 'என்வெனமிங்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. அமெரிக்கக் கட்டுரைகளில் 'என்வெனமேஷன்' என்றிருக்கும். 'ஸ்நேக் பைட்' என்பதை ஒரே சொல்லாக எழுதுபவர்களும் உண்டு, இரண்டு சொற்களாகப் பிரித்து எழுதுபவர்களும் உண்டு. இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், மற்ற வடிவங்களில் எழுதப்பட்ட கட்டுரைகள் விடுபட்டுப்போகும். காரணம், மேற்கோள் குறியிட்டவுடன் பப்மெட் தானாகச் செய்யும் சொல் பொருத்தத்தை நிறுத்திவிடுகிறது. குறியில்லாமல் தட்டினால், நாம் இட்ட சொல்லை அதற்கு ஈடான மெஷ் தலைப்போடு (கட்டுரைகளை வகைப்படுத்தப் பயன்படும் நிலையான பொருள் தலைப்பு) இணைத்துத் தேடும். மேம்பட்ட தேடல் பக்கத்திலுள்ள வரலாற்றுப் பகுதியில் தேடல் விவரத்தைத் திறந்தால், நாம் தட்டிய ஒரு வரியைப் பப்மெட் எப்படி விரித்துப் புரிந்துகொண்டது என்பது முழுமையாகத் தெரியும். அந்தப் பெட்டியை ஒவ்வொரு குழுவும் ஒருமுறையாவது திறந்து வாசிக்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள். வேண்டாத முடிவுகள் ஏன் வருகின்றன என்ற புதிர் பெரும்பாலும் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

அடுத்து, நோயைக் குறிக்கும் சொல்லோடு கற்பித்தலைக் குறிக்கும் சொல்லை 'ஆண்ட்' கொண்டு இணைக்கச் சொல்லுங்கள். மருத்துவக் கல்வி, இளநிலை மருத்துவக் கல்வி, கற்பித்தல் பொருட்கள், சிமுலேஷன் பயிற்சி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மெஷ் தலைப்புகள் உள்ளன. ஒரே கருத்தின் மாற்றுச் சொற்களை 'ஆர்' கொண்டு ஓர் அடைப்புக்குறிக்குள்ளும், வேறு கருத்துகளை 'ஆண்ட்' கொண்டு அடைப்புக்குறிகளுக்கு வெளியிலும் இணைப்பதே விதி. இதைக் கரும்பலகையில் எழுதி விளக்குவதோடு நிறுத்தாமல், ஒருவர் வேண்டுமென்றே மாற்றி இணைத்து, முடிவுகளின் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கட்டும். முழுக் கட்டுரையும் கட்டணமின்றிக் கிடைப்பவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இடப்பக்கத்தில் இருக்கிறது. அதை முதலிலேயே அழுத்திவிட்டால், கல்லூரிச் சந்தாவில் திறக்கக்கூடிய நல்ல கட்டுரைகளும் மறைந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கூகுளை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. 'சைட்' என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளி விடாமல் ஒரு பல்கலைக்கழகத்தின் அல்லது அரசுத் துறையின் இணைய முகவரியைச் சேர்த்தால், அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். 'ஃபைல்டைப்' என்பதையும் அதேபோல் இட்டால், பிடிஎஃப் அல்லது பிபிடி கோப்புகளை மட்டும் காட்டும். இந்த இரண்டும் கைவந்தாலே அன்றாடத் தேவையில் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

எங்கே தேடுவது

இடங்களைக் குறைவாகவே அறிமுகப்படுத்துங்கள். எல்லாத் துறையினருக்கும் பொதுவாக மெட்எட்போர்ட்டலை முதலில் வைப்பேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2005 முதல் நடத்திவரும் இந்த இதழ், கட்டுரையோடு சேர்த்து வகுப்பை நடத்துவதற்கான முழுத் தொகுப்பையும் வெளியிடுகிறது. ஆசிரியருக்கான கையேடு, ஸ்லைடுகள், நோயாளி வரலாறு, மதிப்பீட்டுப் படிவம் எனப் பின்னிணைப்புகள் தனிக் கோப்புகளாக இருக்கும், சக நிபுணர் மதிப்பாய்வு முடிந்த பிறகே வெளியாகும், கட்டணம் இல்லை. புதிதாக வருபவர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, பின்னிணைப்புகளைக் கவனிக்காமலே மூடிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது பெரும்பாலும் பின்னிணைப்பில்தான் இருக்கிறது என்பதால், ஒன்றையாவது எல்லோரும் இறக்கித் திறந்து பார்க்கச் செய்யுங்கள். பப்மெடில் தேடும்போது இதழின் பெயரையும் தேடல் வரியில் சேர்த்தால், இந்தத் தொகுப்புகள் மட்டும் தனியே வரும்.

மற்றவற்றை அந்தந்தத் துறையினரிடம் விடலாம். கதிரியக்கப் படங்களுக்கு 2005-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ரேடியோபீடியா இருக்கிறது. அதில் ஸ்கேன் வரிசையை மாணவரே நகர்த்திப் பார்க்கலாம். ஆசிரியர் தான் தேர்ந்தெடுத்த நோயாளிப் படங்களை ஒரே தொடராக அடுக்கி வகுப்பில் காட்டலாம். தோல் நோய்களுக்கு நியூசிலாந்தில் 1996 முதல் இயங்கிவரும் டெர்ம்நெட் பலருக்கும் தெரிந்ததே. தொற்றுநோய்ப் படங்களுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பொது சுகாதாரப் படநூலகம் நல்லது. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் பதிப்புரிமைக் குறிப்பு தனி வரியாக இருக்கும். பாம்புக்கடியைப் பொறுத்தவரை, தென்கிழக்காசியப் பகுதிக்கென உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட மேலாண்மை வழிகாட்டியும், மத்திய சுகாதார அமைச்சகத்தின் நிலையான சிகிச்சை வழிகாட்டியும் அடிப்படை. பிற வளங்களை இவற்றோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளை ஆசிரியர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவருகிறார்கள், தடுத்துப் பயனில்லை. மாற்றுச் சொற்களை யோசிக்கவும் வினாக்களின் முதல் வரைவுக்கும் அவை உதவும். ஆனால் அவை தரும் மேற்கோள் கட்டுரைகளில் இல்லாத கட்டுரைகளும் கலந்துவருவதால், ஒவ்வொன்றையும் பப்மெடில் தேடி, இருப்பதை உறுதிசெய்யாமல் எடுக்கக் கூடாது.

நம் ஊருக்குப் பொருந்துமா?

அமர்வின் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். தேடும் திறன் ஓரிரு மணி நேரத்தில் வந்துவிடும். கிடைத்ததைச் சந்தேகித்துப் பார்க்கும் பழக்கம் அவ்வளவு எளிதில் வராது.

ஒரு குழுவுக்கு வட அமெரிக்கச் சூழலில் எழுதப்பட்ட சிமுலேஷன் கதையமைப்பு ஒன்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். கிலுகிலுப்பைப் பாம்பு கடித்த நோயாளி. வேகமாக ஏறும் வீக்கம். நச்சு ஆலோசனை மையத்துக்குத் தொலைபேசி. செம்மறி ஆட்டிலிருந்து பெறப்பட்ட, ஒவ்வாமை குறைவான எதிர்நஞ்சு. கையேடு நேர்த்தியாக இருக்கும், மதிப்பீட்டுப் படிவம் குறைசொல்ல முடியாததாக இருக்கும். அதை அப்படியே நடத்தினால், நம் ஹவுஸ் சர்ஜன் கற்க வேண்டியவற்றில் முக்கியமானவை விடுபட்டுப்போகும். இங்கே கவனிக்க வேண்டியவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு. கட்டுவிரியன் கடியில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இருக்காது. இரவில் தரையில் படுத்து உறங்கியவர், விடியற்காலையில் வயிற்று வலியோடும் தொங்கும் இமைகளோடும் வருவார்; கடித்த இடமே தெரியாமல் இருக்கலாம். நம்மிடம் உள்ள எதிர்நஞ்சு இந்த நான்கு பாம்புகளுக்கும் பொதுவாகக் குதிரையிலிருந்து பெறப்படுவது. ஒவ்வாமை எதிர்பார்க்கப்பட வேண்டியது என்பதால், மருந்தை ஏற்றத் தொடங்கும் முன்பே அட்ரினலினை ஊசியில் எடுத்து வைத்திருக்க வேண்டும். இரத்தம் உறையும் தன்மையை அறிய, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தத்தை எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்க்கும் எளிய சோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடியது. அமெரிக்கக் கதையமைப்பில் அதற்கு இடம் இருக்காது.

ஆகவே அந்தத் தொகுப்பிலிருந்து எடுக்க வேண்டியது அதன் கட்டமைப்பு: நிகழ்வுகளின் வரிசை, யார் எந்தப் பொறுப்பில் நிற்பது, முடிந்தபின் கலந்துரையாடலுக்கான கேள்விகள், மதிப்பெண் படிவத்தின் வடிவம். நோயாளி வரலாறு, மருந்து, அளவு, சோதனை, மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் முடிவு ஆகியவை நம் வழிகாட்டியிலிருந்து வர வேண்டும். குழுக்கள் காகிதத்தில் இரண்டு பத்திகள் வரைந்து, வைத்துக்கொள்வதையும் மாற்றுவதையும் எதிரெதிரே எழுதட்டும்.

முதலுதவிக் காணொளிகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. ஆஸ்திரேலியாவில் தயாரிக்கப்பட்டவை, கடிபட்ட கை காலை இறுக்கமான அழுத்தக் கட்டால் முழுவதும் சுற்றச் சொல்லும். அந்நாட்டுப் பாம்புகளுக்கு அது சரியான முறை. இந்திய நெறிமுறையோ, எலும்பு முறிந்த உறுப்பைப் போல அசையாமல் தாங்குகட்டை வைத்துக் கட்டச் சொல்கிறது. அழுத்தம் கொடுக்கக் கூடாது, கயிறு கட்டக் கூடாது என்கிறது. தெளிவான படப்பிடிப்பும் நல்ல உச்சரிப்பும் கொண்ட ஒரு காணொளியை ஆசிரியர் யோசிக்காமல் காட்டிவிட்டால், நூற்றைம்பது மாணவர்கள் அதையே மனத்தில் பதித்துக்கொள்வார்கள்.

படங்களில் பெயர் தவறாக ஒட்டப்பட்டிருப்பது மிகுதி. கட்டுவிரியன் என்று இணையத்தில் உலவும் படங்களில் நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பும் இருக்கும். இரண்டுக்கும் கருமையான உடலில் வெளிறிய பட்டைகள் உண்டு. கட்டுவிரியனின் பட்டைகள் மெல்லியவை. பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்தவை. தலைக்கு அருகே மங்கியோ இல்லாமலோ இருப்பவை. ஓநாய்ப் பாம்புக்கு முன்பகுதியில்தான் அவை தெளிவாக இருக்கும். உறுதியான அடையாளம் முதுகின் நடுக்கோடு: கட்டுவிரியனுக்கு அங்கே அறுகோண வடிவில் மற்றவற்றைவிடப் பெரிய செதில்கள் வரிசையாக ஓடும். படத்தைப் பெரிதாக்கி அந்தச் செதில்களைப் பார்க்க முடியாவிட்டால், அந்தப் படத்தை வகுப்பில் பயன்படுத்தக் கூடாது. இரண்டு படங்களையும் பெயரில்லாமல் திரையிட்டு, பேராசிரியர்களையே கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள். சரிபார்த்தல் ஏன் தேவை என்று அதன்பின் விளக்க வேண்டியிருக்காது.

இதே கவனம் தோல் நோய்ப் படங்களுக்கும் வேண்டும். வெளிர் தோலில் சிவப்பாகத் தெரியும் அழற்சி, நம் நோயாளிகளின் தோலில் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியலாம். லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே, தன் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020-இல் வெளியிட்ட 'மைண்ட் தி கேப்' கையேடு, கருப்பு, பழுப்புத் தோல்களில் நோய்க்குறிகளைக் காட்டுவதற்கென்றே தொகுக்கப்பட்டது, கட்டணமின்றிக் கிடைக்கிறது. தோல் துறை ஆசிரியர்கள் மட்டுமல்லாமல் குழந்தை மருத்துவ ஆசிரியர்களும் இதைப் பார்க்க வேண்டும்.

உரிமமும் நோயாளியின் ஒப்புதலும்

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் எடுத்து மாற்றிப் பகிரத்தக்கது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் எழுத்துகளைப் படிக்கப் பத்து நிமிடம் ஒதுக்கிக் கற்றுக்கொடுங்கள். 'பிஒய்' என்றால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். 'என்சி' என்றால் வணிக நோக்கம் கூடாது. 'எஸ்ஏ' என்றால் மாற்றியமைத்ததை அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும். 'என்டி' என்றால் மாற்றியமைத்ததைப் பகிரவே கூடாது. கடைசி இரண்டு எழுத்துகள் நமக்கு முக்கியம். 'என்டி' உரிமம் கொண்ட கதையமைப்பில் கிலுகிலுப்பைப் பாம்பை எடுத்துவிட்டுக் கட்டுவிரியனை வைத்து வெளியே பகிர நமக்கு அனுமதி இல்லை. டெர்ம்நெட் படங்களும் இந்த வகை உரிமத்தில் வருவதால், அவற்றில் உள்ள அடையாளக் குறியை வெட்டி நீக்குவது தவறு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு, பயிற்றுவிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுக்க இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2016-இல் இந்த விலக்குக்கு விரிவான பொருள் கொண்டது. வகுப்பறைக்குள் நமக்கு இது போதுமான பாதுகாப்பு. ஆனால் அதே ஸ்லைடுகளை யூடியூபில் ஏற்றுவது வகுப்பு நடத்துவதற்குச் சமமாகாது. அதற்கு உரிமம் தெளிவாக உள்ள படங்களை மட்டும் கொண்ட தனிப் பதிப்பைத் தயாரித்துக்கொள்வதே முறை.

நோயாளியின் முகமோ பச்சைக் குத்தலோ மருத்துவமனை எண்ணோ தெரியும் படங்கள் வாட்ஸ்அப் வழியே வந்து வகுப்புகளில் நுழைந்துவிடுகின்றன. யார் எடுத்தது, ஒப்புதல் பெறப்பட்டதா என்பது தெரியாத படத்தை, அது எவ்வளவு அரிய நோய்க்குறியைக் காட்டினாலும், ஒதுக்கிவிடும்படி கண்டிப்பாகச் சொல்லுங்கள். உரிமை, ஒப்புதல் இரண்டையும் வெளிப்படையாகக் குறிப்பிடும் தளங்கள் போதுமான அளவில் இருக்கின்றன.

அமர்வுக்குப் பின்

ஒவ்வொரு குழுவும் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு வளத்தை, எதற்காக எடுத்தது, எதை மாற்றப்போகிறது என்பதோடு மூன்று நிமிடத்தில் சொல்லட்டும். அவற்றைக் கல்லூரிக்கான பொது கூகுள் ஷீட்டில் பதிவுசெய்யுங்கள். திறன் எண், வளத்தின் வடிவம், இணைப்பு, உரிமம், பார்த்த தேதி, செய்த மாற்றம், பயன்படுத்தியவரின் ஒரு வரிக் கருத்து ஆகிய பத்திகள் போதும். கடைசிப் பத்தியைக் கட்டாயமாக்குங்கள். 'முதலாண்டு மாணவர்களுக்குக் கடினம்', 'நாற்பது நிமிடத்தில் முடியவில்லை' போன்ற குறிப்புகளே அடுத்து வருபவருக்கு இணைப்பைவிட உதவியாக இருக்கும்.

ஒரு மாதம் கழித்துப் பங்கேற்றவர்களிடம் அமர்வு பிடித்திருந்ததா என்று கேட்க வேண்டாம். எந்த வளத்தை எந்த வகுப்பில் பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள். பயன்படுத்தாதவர்கள் சொல்லும் காரணங்களை எழுதிக்கொள்ளுங்கள். விரிவுரைக் கூடத்தில் இணையம் இல்லை, துறைத் தலைவர் பழைய ஸ்லைடுகளையே விரும்புகிறார், மாற்றியமைக்க நேரம் இல்லை என்று வருபவற்றில் முதலிரண்டைக் கல்விப் பிரிவு கல்லூரி முதல்வரிடம் கொண்டுசெல்லலாம். மூன்றாவதற்கு, ஒரே துறையின் இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து மாற்றியமைக்க வாரம் ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கிக் கொடுக்கலாம். பப்மெடில் தேடல் வரியைச் சேமித்து, புதிய கட்டுரைகள் வரும்போது மின்னஞ்சல் பெறும் வசதியையும் இந்தச் சந்திப்பில் அமைத்துக் கொடுங்கள். முதல் நாளிலேயே சொன்னால் அது மறந்துபோகும்.

இணைப்புகள் சில மாதங்களிலேயே செயலிழந்துபோகக்கூடும் என்பதால், ஒவ்வொரு புதிய மாணவர் அணியும் வருவதற்கு முன் ஷீட்டில் உள்ளவற்றை நூலகரோடு சேர்ந்து ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்காதவற்றை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடினால், பழைய பதிப்பு கிடைக்கும் வாய்ப்பு உண்டு. சிகிச்சை வழிகாட்டி திருத்தப்பட்டிருந்தால், அதைச் சார்ந்த எல்லா வரிசைகளையும் சிவப்பு நிறமிட்டு, உரிய துறை பார்த்து ஒப்புதல் தரும்வரை வகுப்பில் பயன்படுத்தாமல் நிறுத்தி வையுங்கள்.